கையால் திருத்தக் கூடாத கோப்புகள்

ஜூலை 7, திங்கள்

சொர்ணம் மிஸ் இன்று கம்ப்யூட்டர் லேபில் மூன்று பெயர்களை வாசித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு பிளஸ்ஸி அக்கா, என் வகுப்பு ஷாகிரா, நான். மாவட்டக் கண்காட்சிக்கு நாங்கள் சேர்ந்து ஒரு செயலி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தண்ணீர் திறந்ததும் அந்தத் தெருக்காரர்களின் போனில் மணி அடிக்க வேண்டும். அதுதான் செயலி. பெயர் 'தண்ணி முறை'. ஷாகிரா வைத்தது. நான் 'நீர்வரவு' என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மாவட்டத்தில் தேர்வானால் கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. அதற்கு இரண்டு பேர்தான் போகலாம். யார் அந்த இருவர் என்று மிஸ் பிறகு சொல்வார்களாம்.

பிளஸ்ஸி அக்காவுக்கு இது கடைசி வருடம். எனக்கு அடுத்த வருடமும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அடுத்த வருடம் போட்டி நடக்கும் என்று அம்மாவுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

ஜூலை 8, செவ்வாய்

செயலி கட்டும் கருவியின் கையேட்டை அப்பா அச்செடுத்து வந்தார். அறுபத்து நான்கு பக்கம். மதிய இடைவேளையில் பத்தொன்பது பக்கம் படித்தேன்.

நாம் ஒரு பட்டியல் கோப்பு மட்டும் எழுத வேண்டும். செயலியின் பெயர் என்ன, படம் எது, போனில் எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று. கருவி அதைப் படித்துவிட்டு, போனுக்குத் தேவையான ஒரு முழு ஃபோல்டரைத் தானாகவே உருவாக்கிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள். அதற்கு 'மெஷின் ஃபோல்டர்' என்று ஷாகிரா பெயர் வைத்தாள். அதில் பல கோப்புகளின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது: தானாக உருவானது, கையால் திருத்தாதீர்கள். ஏனென்றால் பட்டியலை மாற்றி மறுபடி உருவாக்கினால் நாம் கையால் எழுதியதெல்லாம் போய்விடும்.

இதை நான் இருவருக்கும் விளக்கினேன். தாளைப் பார்க்காமலேயே விளக்கினேன்.

"கிரைண்டர் வாங்குனா மாவாட்டுவாங்க. இவ உக்காந்து வாரண்டி கார்டு படிக்கா," என்றாள் பிளஸ்ஸி அக்கா. ஷாகிரா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

பிளஸ்ஸி அக்கா ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்து மெஷின் ஃபோல்டரைத் திறந்து அதற்குள்ளேயே எழுதுகிறாள்! போன் கேபிள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அது அவளுடைய கணினி என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

"அக்கா, அதுல கையால திருத்தக் கூடாது. முதல் வரியில போட்டிருக்கு."

"போட்டவன் வந்து கேக்கட்டும்."

"பட்டியல் வழியாத்தான் செய்யணும். முப்பத்து மூணாம் பக்கத்துல முறை இருக்கு."

"ஏட்டி, உன் முறைப்படி செஞ்சா நாலு நாளு. இதுல நாப்பது நிமிஷம். மணி அடிக்கணுமா, உனக்குப் பாடம் நடத்தணுமா?"

நான் கோபப்படவில்லை. தவறு செய்பவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று நல்ல நாள். மூவரின் வேலையும் ஒரே இடத்தில் சேர்வதற்கு ஒரு பொதுச் சேமிப்பு வேண்டும் என்று மிஸ் சொன்னார்கள். "சங்கமித்ரா, நீதான் படிச்சிருக்க, நீயே அமைச்சிரு." பிளஸ்ஸி அக்காவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்கள்.

ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைந்து, அன்றன்று செய்ததை அனுப்ப வேண்டும். எந்த வரியை யார் எழுதினார், என்றைக்கு எழுதினார் என்பது பதிவாகிவிடும். அழிக்க முடியாது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

மெஷின் ஃபோல்டரைச் சேமிப்பு ஏற்றுக்கொள்ளாதபடி அமைத்தேன். கையேடு அப்படித்தான் சொல்கிறது. பட்டியல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாமே, அதை எதற்குச் சேமிக்க வேண்டும்? இது என் கருத்து இல்லை. உலகமெங்கும் அதுதான் வழக்கம்.

பதினொரு விதிகளை அழகாகத் தட்டச்சு செய்து லேப் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். மெஷின் ஃபோல்டரில் எழுதுவது எதுவும் சேமிப்புக்குப் போகாது என்பது ஒன்பதாம் விதி.

நான்கு மணிக்குப் பிளஸ்ஸி அக்கா லேப் சாவியை மாட்ட ஆணி அடித்தாள். சரியாக ஒன்பதாம் விதியின் மேல். சாவியோடு தொங்கும் மரக்கட்டை இரண்டு வரியையும் மறைத்துவிட்டது. அவள் படித்துப் பார்த்து அடிக்கவில்லை. படிக்காமல் அடித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுவது என் வேலை. படிப்பது அவரவர் வேலை.

ஜூலை 14, திங்கள்

பிளஸ்ஸி அக்கா இன்று என்னிடம் பேசவில்லை. நானும்தான். கடலை மிட்டாய் கொண்டுவந்து ஷாகிராவுக்கு மட்டும் கொடுத்தாள்.

ஜூலை 16, புதன்

மணி அடிப்பதில் இரண்டு சிக்கல் இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தால் அடிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் செயலி மணியையே மறந்துவிட்டது. பிளஸ்ஸி அக்கா மூன்று நாளாக அதற்கென்று மெஷின் ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்று மூன்றரை மணிக்குத் தன் பழைய போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, திரும்பப் போட்டாள். சத்தத்தையும் முழுதாகக் குறைத்தாள். நாங்கள் காத்திருந்தோம். அடித்தது. ஷாகிரா கைதட்டினாள். பக்கத்து வகுப்பிலிருந்து தமிழம்மா வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

அது கெட்டிக்காரத்தனமான வேலை. கெட்டிக்காரத்தனம் வேறு, ஒழுங்கு வேறு.

4.40க்கு அவள் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள். அனுப்புவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று திரையில் வந்தது. "ஆங், எல்லாம் போயாச்சு," என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள்.

நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோராம் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

பிளஸ்ஸி அக்காவுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு. ஏழாம் கணினி காலியாக இருந்தது. அவள் எழுதிய அறுபத்தொரு வரியையும் ரஃப் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். கற்றுக்கொள்வதற்காக.

ஜூலை 18, வெள்ளி

என் நாற்காலியைக் காணவில்லை. உயிரியல் லேபில் கிடைத்தது. என் கணினியைத் திறந்தால் 'வாரண்டி கார்டு, வருக' என்று திரையில் வந்தது. மாற்றப் பதினைந்து நிமிடம் வீணாயிற்று.

போகும்போது ஷாகிரா மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, அக்கா தினமும் அனுப்பிச்சிட்டுப் போறாங்களே, அது போகுதா? என் கணினியில வந்து சேர மாட்டேங்குதே."

"விதியெல்லாம் கதவுலதான ஒட்டியிருக்கு?"

அவள் கதவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "நீ ஆளு சரியில்ல, மித்ரா," என்றாள்.

ஜூலை 21, திங்கள்

ஷாகிரா செயலிக்குப் புதுப் படம் வரைந்தாள். பட்டியலில் படம் மாறினால் மெஷின் ஃபோல்டரை மறுபடி உருவாக்க வேண்டும். போனில் ஏற்றிக் காட்டும்படி மிஸ் என்னிடம் சொன்னார்கள். பிளஸ்ஸி அக்காவுக்குக் கணக்குத் தேர்வு. ஆகவே நான்தான் ஏழாம் கணினியில் உட்கார வேண்டியிருந்தது.

பழையதன் மேலேயே எழுதும் வழி ஒன்று உண்டு. பழையதை முழுதாக அழித்துப் புதிதாக உருவாக்கும் வழி ஒன்று உண்டு. இரண்டாவதுதான் சுத்தமானது என்று கையேடு சொல்கிறது. அழிக்கவா என்று கருவி கேட்டது. ஆம் என்று தட்டினேன். நான்கு நொடிகூட ஆகவில்லை.

பிறகு அந்த அறுபத்தொரு வரியையும் முறைப்படி தனிக் கோப்பாக எழுதி, பட்டியலிலிருந்து அதை அழைக்கும்படி செய்தேன். இனி எத்தனை முறை உருவாக்கினாலும் அந்த வரிகள் போகாது. முப்பத்து மூன்றாம் பக்கம். நான்கு நாள் ஆகவில்லை, இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. மணி அடித்தது. என் பெயரில் அனுப்பினேன். என் பெயரில் நுழைந்திருக்கும்போது வேறு யார் பெயரில் அனுப்ப முடியும்?

ஜூலை 22, செவ்வாய்

"எவட்டி என் மெஷின்ல உக்காந்தது?"

லேபே திரும்பிப் பார்த்தது. மெஷின் ஃபோல்டரில் அவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் எழுந்து நின்று, எங்கே மாற்றியிருக்கிறேன் என்று காட்டினேன். தனிக் கோப்பை வரி வரியாகப் பார்த்தாள்.

"இது நான் எழுதுனதுல்லா?"

"இடம் மாத்தியிருக்கேன் அக்கா."

"அடிக்குதா?"

"அடிக்குது."

"அப்ப எங்க கிடந்தா என்ன." பேனாவை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஆனா இன்னொரு தடவ இதுல கை வச்ச, கைய முறிச்சிருவேன். கேட்டுட்டுத் தொடு. நாய்கூடக் குரைச்சிட்டுத்தான் உள்ள வரும்."

பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

மாவட்டத்தில் தேர்வாகிவிட்டோம்! முப்பத்தெட்டுப் பள்ளிகளில் நான்கு. நடுவர் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். அடித்ததும் சிரித்துவிட்டார். பிளஸ்ஸி அக்கா ஷாகிராவைத் தூக்கிச் சுற்றினாள். நான் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மிஸ் இரண்டு பெயர்களை அனுப்ப வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மிஸ் மூவரையும் கூப்பிட்டார்கள். "எனக்கு மூணு பேரும் ஒண்ணுதான். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. பதிவு இருக்கு, அதைப் பாத்து முடிவு பண்ணிருவோம்." பொதுச் சேமிப்பைத் திறந்து, யார் எத்தனை முறை அனுப்பியிருக்கிறோம் என்று பார்த்தார்கள். சங்கமித்ரா, நூற்று நாற்பத்து மூன்று. ஷாகிரா, தொண்ணூற்று ஆறு. பிளஸ்ஸி, இரண்டு. அந்த இரண்டும் முதல் நாள் தன் பெயரைச் சரியாக எழுதியது.

"மூணு வாரமா என்ன பண்ணுன பிளஸ்ஸி?"

"மிஸ், மணி முழுக்க நான்தான் மிஸ் எழுதினேன்."

மிஸ் அந்தக் கோப்பைத் திறந்தார்கள். அறுபத்தொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் பெயர்.

பிளஸ்ஸி அக்கா திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லு," என்றாள். கத்தவில்லை.

"பதிவுல இருக்கிறதுதான் மிஸ் இருக்கு," என்றேன்.

இந்த வாக்கியத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை. நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

ஷாகிரா வாயைத் திறந்தாள். "மிஸ், அது வந்து..." மிஸ் கையைக் காட்டினார்கள். "அழுதா மாறாது, சண்டை போட்டா மாறாது. எழுத்துல இருக்கு." என் பெயரையும் ஷாகிரா பெயரையும் எழுதினார்கள்.

வீட்டில் அம்மா கேசரி செய்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் சைக்கிளில் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வராந்தாவைக் கடக்கும்போது ஒருத்தி, "ஏ, பைய மூடுங்கடி, வாரண்டி கார்டு வருது, எதையாவது இடம் மாத்திரும்," என்றாள். எல்லாரும் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஷாகிரா மதியம் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "கோயம்புத்தூருக்கு உங்கூட வருவேன். மிஸ் சொன்னதுக்காக. ரயில்ல பேச மாட்டேன்," என்று வந்து அறிவித்துவிட்டுப் போனாள்.

நான் செய்ததில் எந்த விதி மீறப்பட்டது என்று ஒருவராவது சொல்லட்டும். ஒன்றும் மீறப்படவில்லை. அதுதான் எனக்கும் தொல்லையாக இருக்கிறது.

ஜூலை 30, புதன்

இன்று மாநிலப் போட்டியின் நடுவர்கள் இருவர் வீடியோவில் பேசினார்கள். போட்டிக்குப் போவதற்கு முன் எல்லாப் பள்ளிகளிடமும் இப்படிக் கேள்வி கேட்பார்களாம். மிஸ் அறையில் நானும் ஷாகிராவும். பட்டியலைப் பற்றி, மெஷின் ஃபோல்டரைப் பற்றி, ஏன் அதைச் சேமிக்கவில்லை என்பதைப் பற்றி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பெண் நடுவர், "ரொம்பத் தெளிவா இருக்கும்மா," என்றார்.

ஆண் நடுவர் அந்த அறுபத்தொரு வரியைத் திறந்து வைத்திருந்தார். "முதல் மணி தண்ணி திறக்கிற நேரத்துக்கு அடிக்குது. அப்புறம் இரண்டாவதா ஒரு மணி அடிக்குதே, எதுக்கு?"

"பயன்படுத்துபவரின் வசதிக்காக, சார்."

"அது சரி. ஏன் ஏழு நிமிஷம் கழிச்சு? ஐந்து வைக்கலாம், பத்து வைக்கலாம். ஏழுன்னு குறிப்பா வச்சிருக்கீங்களே."

ஏழு என்று எழுதியிருந்தது. ஏழு என்று நோட்டில் எடுத்தேன். ஏழு என்று தட்டச்சு செய்தேன். ஏன் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

கையேட்டின் அறுபத்து நான்கு பக்கமும் மனதில் ஓடியது. எதிலும் இல்லை. ஷாகிரா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ், "சொல்லும்மா," என்றார்கள்.

"தெரியாது சார்," என்றேன். "அது என் வரி இல்லை. எழுதினது பிளஸ்ஸி அக்கா. நான் பாத்து எழுதினேன்."

ஷாகிரா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

மிஸ் ஆள் அனுப்பினார்கள். பிளஸ்ஸி அக்கா கையில் சாக்பீஸ் தூசியோடு வந்து நின்றாள். நடுவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"எங்க தெரு சுண்ணாம்புக் காளவாசல் தெரு சார், குழாய்க்குக் கடைசி. முதல்ல காத்து வரும். அப்புறம் துருத் தண்ணி. அதுக்கப்புறம்தான் தண்ணி. மே மாச லீவுலருந்து வாட்ச வச்சுப் பாத்துட்டேன், ஆறரைலருந்து ஏழு நிமிஷம் ஆகுது. எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்லருந்து ஓடி வந்து முத குடத்துலயே துருவப் பிடிச்சிருவாங்க, குடத்தக் கழுவுறதுக்குள்ள வரிசை போயிரும். அதான் சார். முத மணி வரிசையில நிக்க. ரெண்டாவது மணி குடத்த வைக்க."

இரண்டு நடுவர்களும் எழுதிக்கொண்டார்கள். "இவங்க பேர் உங்க பட்டியல்ல இல்லையே?" என்று பெண் நடுவர் கேட்டார்.

தொடர்பு முடிந்ததும் மிஸ் கதவைச் சாத்தினார்கள். "அவ அனுப்புறது போகலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அமைச்ச அன்னைக்கே தெரியும் மிஸ்."

"ஏன் சொல்லல?"

விதி, கதவு, ஆணி, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. "எனக்குப் போகணும்னு இருந்துச்சு மிஸ்," என்றேன்.

மிஸ் என் பெயரை அடித்துவிட்டு மேலே பிளஸ்ஸி என்று எழுதினார்கள். பிளஸ்ஸி அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாகத் தெரியவில்லை. துடைக்க வேண்டிய எதையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஜூலை 31, வியாழன்

அம்மாவிடம் போகிற இருவரில் ஒரு பெயர் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நாளை அவர்களுக்கு ரயில். அங்கே போட்டிக் கணினியில் சேமிப்பிலிருந்து எடுத்து, மெஷின் ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கிக் காட்ட வேண்டும். பிளஸ்ஸி அக்காவுக்கு அது தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தாள். "எந்திரி. ஏழுல வந்து உக்காரு. பேசாத. செஞ்சு மட்டும் காட்டு."

செய்து காட்டினேன். உருவாக்கினேன், அழித்தேன், மறுபடி உருவாக்கினேன். மூன்றாம் முறை அவளே செய்தாள். அழிக்கவா என்று கருவி கேட்டபோது அவள் விரல் நின்றது. பிறகு தட்டினாள்.

"இப்ப அந்த அறுபத்தொரு வரிய அழிச்சிரு," என்றாள். "உன் பேர்ல இருக்கிறத எடுத்துட்டுப் போக மாட்டேன். என் பேர்ல நானே எழுதுவேன்."

"இருக்கிற கோப்பையே வச்சுக்கலாம் அக்கா. வேலை செய்யுது. நேரம்..."

"பேசாதன்னு சொன்னேன்."

கோப்பை நீக்கினேன். அவள் எதையும் பார்க்காமல் எழுத ஆரம்பித்தாள். ஷாகிரா பின்னால் நின்றாள். முப்பத்தெட்டாவது வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனது. அவள் கவனிக்கவில்லை. ஷாகிராவும் கவனிக்கவில்லை. அது அப்படியே போனால் கோயம்புத்தூரில் மணி அடிக்காது.

நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. நான் நாற்பத்தைந்து வரை பேசவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"முப்பத்தெட்டாவது வரி," என்றேன்.

மேலே போய்ப் பார்த்தாள். சரிசெய்தாள். "கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு," என்றாள்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். நான் நீக்கியதை முதலில் அனுப்ப வேண்டும், அப்போதுதான் சேமிப்பு அவளுடையதை ஏற்கும். என் பெயரில் நுழைந்து, காரணம் என்ற இடத்தில் 'ஒழுங்குபடுத்தல்' என்று தட்டினேன்.

"அதையா எழுதப் போற?" என்றாள்.

அழித்தேன். அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது, இந்தச் செயலியை யார் எப்போது திறந்தாலும் அது அங்கே இருக்கும். நேரம் எடுத்துக்கொண்டு எழுதினேன்: 'இந்த வரிகள் பிளஸ்ஸி அக்கா எழுதியவை. கேட்காமல் எடுத்து என் பெயரில் போட்டது நான்.'

அவள் என் தோளுக்கு மேல் குனிந்து படித்தாள்.

"அக்கான்னு போடாத," என்றாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.